பலமான கால் ஏன் உயரம் பாய மறுக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவன் உயரம் பாய்கிறான். ஒரு வருடமாக ஜிம்முக்குப் போய், தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பித் தொடையை நன்றாக வளர்த்துவிட்டான். பாய்ச்சல் மட்டும் 1.70 மீற்றரைத் தாண்டவில்லை. அவன் தூக்கும் பாரத்தில் பாதியைக்கூடத் தூக்கமாட்டாத மெல்லிய பொடியன் ஒருவன் இல்லப் போட்டியில் அவனை வென்றுவிட்டான். குறை தசையிலா, மூட்டிலா, நரம்பிலா என்று அக்கா கேட்கிறார். ஜிம்மை நிறுத்தச் சொல்லவா, வெறுங்காலில் பாய விடலாமா என்பவை கூடவே வந்த கேள்விகள்.

தம்பிக்குப் பலம் போதாமல் இல்லை. அந்தப் பலத்தை வெளியே கொண்டுவர நேரம் போதவில்லை. உயரம் பாய்பவரின் கடைசி அடி நிலத்தில் ஊன்றியதிலிருந்து விடுபடும் வரை சுமார் 0.15 முதல் 0.20 செக்கன்தான். ஓய்வாக இருக்கும் தசை தன் முழு இழுவிசையை எட்ட 0.3 செக்கனுக்கு மேல் எடுக்கும். கணக்கைப் பாருங்கள்: முழுப் பலமும் வந்து சேர்வதற்கு முன்பே கால் நிலத்தை விட்டுப் போய்விடுகிறது. ஜிம்மில் ஒரு தரம் குந்தி எழும்ப இரண்டு மூன்று செக்கன் கிடைக்கிறது. அங்கே அவனிடம் மொத்தம் எவ்வளவு பலம் உண்டு என்பது தெரியும். அதில் எவ்வளவை முதல் 0.2 செக்கனுக்குள் எடுக்க முடியும் என்பது அங்கே தெரியாது. மெல்லிய பொடியன் வென்றது இந்த இடத்தில்தான்.

இந்த அவசரத்தில் நரம்பின் பங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் தசை தானாக எதுவும் செய்யாது. முள்ளந்தண்டுக்குள் இருக்கும் இயக்க நரம்புக் கலம் ஒவ்வொன்றும் ஒரு கூட்டம் தசைநார்களைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்புக் கலத்துக்குப் பத்து நார் அளவில்தான் இருக்கும். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். இந்தக் கூட்டத்துக்கு அரைகுறை என்ற ஒன்று கிடையாது. கட்டளை வந்தால் அதற்குட்பட்ட நார்கள் எல்லாம் சுருங்கும், வராவிட்டால் ஒன்றும் சுருங்காது. ஆகவே விசையைக் கூட்ட இரண்டு வழிதான் உண்டு: இன்னும் பல கூட்டங்களை அழைப்பது, அழைத்தவற்றுக்குக் கட்டளையை இன்னும் அடிக்கடி அனுப்புவது. அழைப்பிலும் ஒரு வரிசை இருக்கிறது. சிறிய, எளிதில் களைக்காத கூட்டங்கள் முதலில் வரும். பெரிய, வேகமான, சீக்கிரம் களைக்கும் கூட்டங்கள் கடைசியில் வரும். பாரம் தூக்கும்போது அந்தப் பெரியவை நிதானமாக வந்து சேரலாம். பாய்ச்சலிலும் வரிசை அதேதான், ஆனால் முழு வரிசையும் கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே வந்தாக வேண்டும். சாதாரண வேலையில் ஒரு நரம்புக் கலம் செக்கனுக்குப் பத்து முதல் முப்பது தரம் வரை கட்டளை அனுப்பும். வெடித்தெழும் அசைவின் தொடக்கத்தில் அது நூறைத் தாண்டும்.

பயிற்சி முதலில் மாற்றுவது இதைத்தான். ஜிம்மில் சேர்ந்த முதல் சில வாரங்களில் தசை கண்ணுக்குத் தெரியப் பெருக்காமலேயே தூக்கும் பாரம் கூடுகிறது அல்லவா? ஒரு காலை மட்டும் பயிற்றினாலும் மற்றக் காலுக்கும் கொஞ்சம் பலம் வருகிறது அல்லவா? இரண்டும் நரம்பின் வேலை. ஆனால் நரம்பு கேட்டதைத்தான் கற்றுக்கொள்ளும். மெதுவாகத் தூக்கத் தூக்க, மெதுவாகத் தூக்குவதில்தான் கெட்டித்தனம் வரும்.

கட்டளை தசைக்குள் போனதும் கல்சியம் வெளிப்பட்டு, அக்ரின், மயோசின் என்ற இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தசை கட்டையாகிறது. 1954 இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்த விடயம் இது. தம்பி உயிரியல் படிக்கிறான் என்றால் அவனே உங்களுக்கு இதை விளக்குவான். பாய்பவருக்கு முக்கியமானது வேறொன்று. 1938 இல் ஏ. வி. ஹில் என்ற பிரித்தானிய உடலியலாளர் தவளைத் தசையில் அளந்து காட்டினார்: தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் இழுவிசை குறையும். எதிர்ப்பக்கமும் உண்மை. இறுகிய நிலையில் தசையை வெளியிலிருந்து ஒரு விசை நீட்ட முயன்றால் அது வழக்கத்தைவிடக் கூடுதலான விசையோடு எதிர்த்து நிற்கும்.

இதை வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். தம்பியைக் குந்த வைத்து, அந்த நிலையில் மூன்று எண்ணும்வரை அசையாமல் நிறுத்தி, பிறகு மேலே துள்ளச் சொல்லுங்கள். கை எட்டும் இடத்தைச் சுவரில் கரித்துண்டால் குறியுங்கள். அடுத்ததாக நின்ற நிலையிலிருந்து சட்டென்று குந்தி, நிற்காமல் உடனேயே துள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது குறி சில சென்ரிமீற்றர் மேலே இருக்கும். பலர் இதைத் தசைநாணின், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணின், மீள்தன்மை என்று மட்டும் விளக்கிவிடுவார்கள். அது பாதிக் கதைதான். கீழே போகும் உடலைப் பிடித்து நிறுத்தும்போதே தசை இறுகிவிடுகிறது. மேலே எழும்பத் தொடங்கும் கணத்தில் விசை தயாராக இருக்கிறது. அசையாமல் நின்று துள்ளுபவனுக்கு அந்த விசையைக் கட்டியெழுப்பவே பாதித் தூரம் போய்விடுகிறது. திரும்பவும் நேரக் கணக்குத்தான்.

தசைநாணின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. கெண்டைத் தசையைக் குதிக்கால் எலும்போடு இணைக்கும் தடித்த நாணில் பின்லாந்தின் பாவோ கோமி என்பவர் சத்திரசிகிச்சை மூலம் அளவுகருவி பொருத்தி, மனிதரை ஓடவிட்டு அளந்தார். உடல் எடையின் பன்னிரண்டு மடங்குக்கும் சற்று மேலான இழுவிசை வரை பதிவானது. அவ்வளவு இழுபட்டு நீளும் நாண் தன்னுள் சேர்த்த சக்தியில் பெரும்பகுதியை அப்படியே திருப்பித் தரும். 1987 இல் வெளியான ஒரு கணக்கின்படி, 70 கிலோ மனிதன் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இந்த நாண் 35 யூல் அளவையும், பாத வளைவு 17 யூல் அளவையும் சேமித்துத் தருகின்றன. நாண் நீண்டு சுருங்கும் வேலையை எடுத்துக்கொள்வதால் தசை அதிகம் அசையாமல் இறுகி நின்றால் போதும். ஹில் சொன்ன இழப்பு அங்கே குறைகிறது.

ஆனால் நாண் இழுபட வேண்டுமானால் தசை முன்பே இறுகியிருக்க வேண்டும். தசை தளர்ந்திருந்தால் நீள்வது தசைதான், நாண் சும்மா இருக்கும். முழங்கால் மடிந்து, உடல் கீழே போய், நேரம் முழுவதும் வீணாகும்.

சரி, கால் நிலத்தில் பட்ட பிறகு இறுக்கினால் என்ன? முடியாது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகளிலிருந்து செய்தி செக்கனுக்கு 100 மீற்றருக்குக் கிட்டிய வேகத்தில் முள்ளந்தண்டுக்குப் போகும். நரம்புகளில் இதுதான் மிக வேகமான பாதை. அப்படியிருந்தும் கெண்டைக்காலிலிருந்து போய்த் திரும்ப ஏறக்குறைய 0.04 செக்கன் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் விசை எழும்பத் தொடங்கும். மூளை வரை போய் யோசித்துத் திருத்துவதென்றால் 0.1 செக்கனுக்கும் மேல். ஓட்டப் போட்டியில் வெடிச் சத்தத்துக்குப் பிறகு 0.1 செக்கனுக்குள் புறப்பட்டால் பிழையான தொடக்கம் என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான். சத்தத்தைக் கேட்டு அவ்வளவு வேகமாகப் புறப்பட மனிதனால் இயலாது என்பது கணக்கு. ஆகவே நல்ல பாய்ச்சல்காரனின் கெண்டையும் தொடையும் கால் நிலத்தில் படுவதற்குச் சுமார் 0.1 செக்கன் முன்பே, கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே, இறுகத் தொடங்கிவிடும். பாய்ச்சலுக்கான கட்டளை கடைசி அடிக்கு முன்பே போய்விடுகிறது. ஊன்றும் நேரத்தில் பக்கத்தில் நின்று "இறுக்கு, இறுக்கு" என்று கத்தும் சேர்மாரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் அந்தச் சத்தம் எப்போதும் பிந்தித்தான் போய்ச் சேரும்.

மூட்டுக்கு வருவோம். துலாக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: துலாவின் கட்டைப் பக்கம் கொஞ்சம் அசைந்தால் கயிற்றுப் பக்கம் நீண்ட தூரம் போகும், ஆனால் அந்தக் கட்டைப் பக்கத்தில் பாரம் அதிகம் வேண்டும். முழங்காலில் தொடைத் தசை இழுப்பது மூட்டின் மையத்திலிருந்து நான்கு சென்ரிமீற்றர் அளவு தள்ளித்தான். கணுக்கால் அங்கிருந்து நாற்பது சென்ரிமீற்றர் தொலைவில். அதனால் கதிரையில் இருந்தபடி கணுக்காலில் கட்டிய 10 கிலோவைத் தூக்கி நிறுத்தத் தொடைத் தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். பதிலுக்கு, தசை ஒரு சென்ரிமீற்றர் சுருங்கினால் பாதம் பத்து சென்ரிமீற்றர் போகும். மனித உடல் விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும் அமைப்பு. முழங்கால் சில்லு இல்லாவிட்டால் அந்த நான்கு சென்ரிமீற்றரும் இன்னும் குறைந்திருக்கும்.

மடியும் கோணமும் முக்கியம். கால் ஊன்றும்போது தேர்ந்தவரின் முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும். பிறகு 140 பாகை அளவுக்கு மடிந்து திரும்ப நிமிரும். ஓடிவந்த வேகம் இறுகிய காலின் மேலாகத் திரும்பி மேல்நோக்கிப் போகிறது. தம்பி ஜிம்மில் பலம் பெருக்குவது தொடை நிலத்துக்குச் சமாந்தரமாகும் வரை குந்தி. அந்த ஆழத்துக்குப் பாய்ச்சலில் அவன் போவதே இல்லை. போனால் பாய்ச்சல் அங்கேயே முடிந்துவிடும்.

இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே கணத்தில் நிமிர்வதில்லை. இடுப்பு முந்தும், முழங்கால் தொடரும், கணுக்கால் கடைசியில் உதைக்கும். கெண்டைத் தசையின் பெரிய பகுதி முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்துத் தாண்டிப் போகிறது. தொடை முழங்காலை நிமிர்த்தும்போது அதே அசைவு கெண்டை வழியாகக் குதிக்காலை மேலே இழுக்கும். தொடையில் பிறந்த சக்தி இப்படிக் கணுக்காலுக்கு இறங்கும். ஒழுங்கு கொஞ்சம் தவறினால் இறங்காது. முன்தொடை வேலை செய்யும்போது பின்தொடை அளவுக்கு மீறி இறுகினால் அது கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு வாகனம் ஓட்டுகிற வேலை. புதிதாகப் பழகுபவர்களிடம் இது நிறைய இருக்கும்.

உங்கள் கேள்விக்கு நான் அறிந்தவற்றுள் மிகப் பொருத்தமான சான்று 1994 இல் நெதர்லாந்தில் பொபர்ட், வான் சூஸ்ட் என்ற இருவர் கணினியில் செய்த ஆய்வு. எலும்பு, தசை, தசைநாண் எல்லாம் கொண்ட ஒரு மனித மாதிரியைத் துள்ளவிட்டார்கள். எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்ற நேர அட்டவணையைச் சீராக்கி, அதிகபட்ச உயரத்தைக் கண்டார்கள். பிறகு தசைகளின் பலத்தை மட்டும் கூட்டினார்கள், அட்டவணையைத் தொடவில்லை. உயரம் கூடவில்லை, குறைந்தது! புதிய பலத்துக்கு ஏற்றபடி அட்டவணையை மாற்றிய பிறகுதான் பழைய உயரத்தைத் தாண்டியது. உங்கள் தம்பி ஒரு வருடமாகச் செய்தது முதல் பாதியை மட்டும். அதோடு எடையும் கூடியிருக்கும், அதில் தோளிலும் மார்பிலும் ஏறியது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அதையும் சுமந்துகொண்டுதான் அவன் கோலைத் தாண்ட வேண்டும்.

"நன்றாகக் குந்தி எழும்பிப் பாய்" என்ற அறிவுரை ஊரில் இன்னும் உலாவுவதற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு உயரம் பாய்தல் புதிதல்ல. யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றபோது, டிக் ஃபொஸ்பரி முதுகுப்பக்கமாகப் பாய்ந்து 1968 ஒலிம்பிக்கில் உலகை மாற்றுவதற்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. வயிறு கோலைப் பார்க்கத் தாண்டும் பழைய பாணியில் ஊன்றும் நேரம் சற்று நீளம், முழங்காலும் கூடுதலாக மடியும். அந்தப் பாணிக்கு அந்த அறிவுரை ஓரளவு சரி. இன்று எல்லோரும் வளைவாக ஓடிவந்து முதுகால் பாய்கிறார்கள். அறிவுரை மட்டும் பழைய பாணியிலேயே நிற்கிறது.

இனி என்ன செய்யலாம்? முதலில் அளவுங்கள். இப்போதைய போன்கள் பலவற்றில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவசைவு வசதி இருக்கிறது. ஊன்றும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் போனை நிறுத்தி எடுங்கள். பாதம் நிலத்தைத் தொட்ட படத்திலிருந்து நுனிவிரல் விடுபட்ட படம் வரை எண்ணுங்கள். 40 படம் என்றால் 0.17 செக்கன், நல்லது. 55 படம் என்றால் 0.23 செக்கன், கால் உள்ளே மடிந்து நிற்கிறது. கூடவே கடைசி இரண்டு அடிகளில் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். பலமான பொடியன்கள் பலர் அந்த இடத்தில் நின்று நிதானித்து, பலத்தால் பாயப் பார்ப்பார்கள். அந்த மெல்லிய பொடியனையும் ஒரு தரம் படம் பிடித்து அருகருகே வைத்துப் பார்த்தால் மீதியை நான் எழுதத் தேவையில்லை.

ஜிம்மை நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் பாரமாகத் தூக்கட்டும், இருக்கும் பலம் அப்படியே இருக்கும். இன்னொரு நாள் தன்னால் முடிந்ததில் பாதி அளவு பாரத்தை எடுத்து, கால்வாசி மட்டும் மடிந்து, முடிந்தவரை வேகமாக நிமிரட்டும். மூன்று நான்கு தரம் செய்ததும் ஓய்வு, வேகம் விழுந்தால் அன்றைக்கு அது போதும். வாரத்தில் இரண்டு நாள் துள்ளல் பயிற்சி: கயிறடித்தல், ஒற்றைக் காலில் கெந்துதல், முழங்காலுக்கும் கீழான பெட்டியிலிருந்து இறங்கி உடனே எழும்புதல், மூன்று அல்லது ஐந்து அடி மட்டும் ஓடிவந்து பாய்தல். எல்லாம் சேர்த்து ஒரு நாளில் அறுபது எழுபது ஊன்றலுக்கு மேல் வேண்டாம். எண்ணிக்கையைவிடச் சத்தம் நல்ல வழிகாட்டி. பாதம் நிலத்தில் "தட்" என்று கேட்டால் கால் இறுகி இருக்கிறது. "தொப்" என்று விழத் தொடங்கினால் நரம்பு களைத்துவிட்டது. அதற்கு மேல் செய்வதெல்லாம் மெதுவாகப் பாய்வதற்கான பயிற்சி. ஒரு துள்ளல் நாளுக்கும் அடுத்ததுக்கும் இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். வலயப் போட்டி நெருங்கும் வாரத்தில் பாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கசூரினா கடற்கரை மணலில் ஓடவிட்டால் கால் பலமாகும் என்று நண்பர்கள் சொல்வார்கள். பலமாகும்தான். ஆனால் மணல் அடியை வாங்கிக்கொண்டு ஒன்றையும் திருப்பித் தராது. ஊன்றும் நேரம் நீளும், நாணின் மீள்சக்தி மணலோடு போய்விடும். பருவகாலத்துக்கு முந்திய மாதங்களில் உடலைத் தயார்ப்படுத்த ஓடலாம், போட்டிக் காலத்தில் புல்தரையில் பாயட்டும். பாய்வதற்குச் சற்று முன் ஒரு நிமிடத்துக்கு மேல் தசையை இழுத்துப் பிடித்தபடி நீட்டுவதும் வேண்டாம், அது கொஞ்ச நேரத்துக்கு வெடிப்பைக் குறைக்கும். மெதுவோட்டம், கால்வீச்சு, சின்னத் துள்ளல்கள் போதும்.

ஓர் எச்சரிக்கை. தசை சில வாரங்களில் பலமாகும், தசைநாண் பலமாக மாதங்கள் எடுக்கும். ஒரு வருடத்தில் தொடையைப் பெருப்பித்தவன் திடீரென்று துள்ளத் தொடங்கினால் முதலில் முறையிடுவது முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாண். பாய்ந்த அடுத்த நாள் காலையில் படி இறங்கும்போது அந்த இடத்தில் நோவு இருந்தால் துள்ளலைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு வாரத்தில் மாறாவிட்டாலோ, வீக்கம் இருந்தாலோ, வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிட்டு அடுத்த நாளே பாயவிடுவது எங்கள் ஊர் வழக்கம், அதை இந்த நோவில் செய்ய வேண்டாம்.

வெறுங்காலைப் பற்றி. உலர்ந்த புல்தரையில் கெந்துதலையும் சின்னத் துள்ளல்களையும் வெறுங்காலில் செய்யலாம், பாதத்தின் சிறு தசைகளுக்கு நல்ல வேலை. முழு ஓட்டத்தோடு பாய்வது வேறு விடயம். வளைவில் ஓடும்போது உடல் உள்பக்கம் சாயும், பாதம் வெளிப்பக்கம் வழுக்கப் பார்க்கும். காலைப் பனியில் நனைந்த புல்லில் வழுக்கினால் கணுக்கால் பிரளும். முள்ளுச் சப்பாத்து வாங்க முடியுமானால் வாங்குங்கள், ஆனால் போட்டியன்று புதிதாகப் போட்டுவிடாதீர்கள். பிடி கிடைத்ததும் ஓரடியின் நீளமே மாறும், ஓட்டம் தொடங்கும் குறி ஒரு சாண் இரண்டு சாண் தள்ளிப் போகும். குறைந்தது ஒரு மாதம் அதே சப்பாத்தோடு ஓடிக் குறியைத் திரும்ப அளந்து வைக்கட்டும்.